எழுத்தின் செலவு யார் தலையில்?

தமிழ் நாவலின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் கதையில் பாதியைத் தாடிக்கொம்பு வழியாகப் போகும் சாலையை வைத்தே சொல்லிவிடலாம். தெற்கே திண்டுக்கல் போய் பஸ் மாறினால் வத்தலக்குண்டு. பி.ஆர். ராஜமையர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூவரையும் கொடுத்த ஊர். வடக்கே இதே கரூர் சாலையைப் பிடித்து வேடசந்தூர், கரூர் தாண்டி மேலே போனால் திருச்செங்கோடு, பெருமாள்முருகனின் மண். நடுவில் குடகனாற்றங்கரையில் சௌந்தரராஜப் பெருமாளையும், பக்கத்திலேயே அகரம் முத்தாலம்மனையும் வைத்துக்கொண்டு நாங்கள் இருக்கிறோம்.

நாவலும் எழுதி, ஆராய்ச்சியும் செய்து, கவிதை, கட்டுரை, பதிப்பு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவரை மேடையில் ‘பன்முக ஆளுமை’ என்பார்கள். பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்தும் சொல் அது. கை தட்டிவிட்டு நாமும் சாப்பிடப் போய்விடுவோம். இத்தனை வேலைக்கும் காசும் நேரமும் எங்கிருந்து வந்தன, யார் செலவில் இதெல்லாம் நடந்தது என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டுப் பார்த்தால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்பது பிடிபடும்.

ராஜமையர் பிறந்தது 1872. வத்தலக்குண்டு அப்போது மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டமானதெல்லாம் 1985-ல்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சட்டம் படிக்கப் போனார், தேறவில்லை. வக்கீல் தொழிலுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் போகாத பட்டதாரியை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் பத்திரிகைக்குள் வந்தார். சி.வி. சுவாமிநாதையர் நடத்திய விவேக சிந்தாமணியில் 1893 முதல் 1895 வரை ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்தது. தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி அப்போது பதினான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. நாவல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தர யாருமில்லை, குறுக்கே நிற்கவும் யாருமில்லை.

மதுரைச் சீமையின் ஒரு அக்கிரகாரம், அதில் வம்பர் மகாசபை, தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை, பேயாண்டித் தேவன் என்ற கொள்ளைக்காரன் என்று அமர்க்களமாகப் போகிற கதை, பிற்பகுதியில் வேதாந்தத்துக்குள் இறங்கிவிடும். இதை நாவலின் குறையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு விஷயமே வேதாந்தம்தான். நாவல் அதற்குப் போகிற பல வழிகளில் ஒன்று. கம்பனின் சீதையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதும், தாயுமானவரில் தோய்ந்ததும் அதே விஷயத்தைத் தேடித்தான். ‘நான் நாவலாசிரியன், ஆராய்ச்சி என் துறை அல்ல’ என்று ஒதுங்கிக்கொள்ள அன்று துறைகள் பிரிந்திருக்கவில்லை.

1896 ஜூலையில் விவேகானந்தரின் சென்னைச் சீடர்கள் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்கள். ஆசிரியர் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. ஆசிரியர் என்றால் வந்த கட்டுரைகளைத் திருத்தி அனுப்புகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கட்டுரைக்கு மேல் டி.சி. நடராஜன் என்றிருக்கும், இன்னொன்றின் மேல் எம். ரங்கநாத சாஸ்திரி என்றிருக்கும். நடராஜனும் அவர்தான், சாஸ்திரியும் அவர்தான். இதழில் ஆங்கில நாவல் ஒன்று தொடராக வந்ததே, அதுவும் அவர்தான். இரண்டு ஆள், மூன்று ஆள் செய்ய வேண்டிய வேலையைப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கை செய்துகொண்டிருந்தது. அந்த ஆங்கில நாவல் முடியவில்லை. 1898 மே 13 அன்று சிறுநீரக நோயால் இறந்துபோனார். வயது 26. அவரோடு இதழும் நின்றது. ஆகஸ்டில் இமயமலைப் பக்கம் அல்மோராவில் மறுபடி ஆரம்பித்து, அடுத்த வருஷம் மாயாவதிக்குப் போய், இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. அதில் அவர் எழுதியவற்றையெல்லாம் சேர்த்து 1905-ல் ‘ராம்பிள்ஸ் இன் வேதாந்தா’ என்று புத்தகமாகப் போட்டார்கள். இரண்டு வருஷம்கூட நிறையாத வேலை அத்தனை பெரிய புத்தகமானது.

ராஜமையருக்குப் படிப்பைக் கொடுத்தது அக்கிரகாரம். அச்சைக் கொடுத்தது பட்டணத்துப் பத்திரிகை. அன்றைய கணக்கில் இந்த இரண்டும் இல்லாத ஒருவருக்கு எழுத்து வாழ்க்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே வத்தலக்குண்டுச் சந்தைக்கு வந்துபோன ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்த இரண்டும் வாய்த்திருக்கும்?

ராமையாவை ஓரிரு வரிகளில் கடந்துபோவது அநியாயம்தான். சிறுகதை, நாடகம், சினிமா மூன்றிலும் நடமாடியவர். மணிக்கொடி இதழை ஏற்று நடத்தினார். 1982-ல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது கதைகளுக்கு அல்ல, ‘மணிக்கொடி காலம்’ என்ற இலக்கிய வரலாற்றுக்கு. சினிமாவும் நாடகமும் அவருக்குச் சோறு போட்டன. செல்லப்பாவுக்கு அந்த வழியும் இல்லை. இருந்தாலும் போயிருக்க மாட்டார்.

செல்லப்பா 1912-ல் பிறந்தவர். பெயரின் முதலெழுத்து சின்னமனூரைச் சொல்லும், வளர்ந்தது வத்தலக்குண்டு. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், மணிக்கொடியில் கதை எழுதியவர், நாவலாசிரியர். விமர்சகர் ஆனது ஆசைப்பட்டு அல்ல என்பது என் கணிப்பு. ஐம்பதுகளில் தமிழில் கதைகள் மலைமலையாக அச்சாயின. எது நல்லது, ஏன் நல்லது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. கல்லூரித் தமிழ்த்துறைகள் சங்க இலக்கியத்தைத் தாண்டி வரவில்லை, வாரப் பத்திரிகைகளுக்கு விற்பனை போதும். வேறு யாரும் செய்யாததால் இவர் செய்தார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ வந்தது.

வேடிக்கை என்னவென்றால், விமர்சனத்துக்காக ஆரம்பித்த பத்திரிகையில் கவிதை முளைத்தது. ந. பிச்சமூர்த்தியின் வழியைப் பார்த்து இளைஞர்கள் யாப்பை விட்டு எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு (பிற்பாடு பிரமிள்), நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, சி. மணி, நகுலன். செல்லப்பா அவற்றைப் போட்டதோடு நிற்கவில்லை; ஏன் கவிதை என்று வரி வரியாக எடுத்து விளக்கி எழுதினார். 1962-ல் 24 பேரின் கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ கொண்டுவந்தார். தானும் கவிதை எழுதினார், ‘முறைப்பெண்’ என்று நாடகம் எழுதினார். புதுக்கவிதைக்கு இன்று பல்கலைக்கழகங்களில் தாள் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, முனைவர் பட்டம் இருக்கிறது. அதன் நாற்றங்கால் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வாடகை வீடு.

‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வந்தது. எழுதியவர், ஆசிரியர், பதிப்பாளர், மெய்ப்புப் பார்த்தவர், தபாலில் சேர்த்தவர் எல்லாம் ஏறக்குறைய ஒருவரே. எழுத்து பிரசுரம் என்று புத்தகங்களும் போட்டார். கடைகள் வாங்கவில்லை. கதர் ஜிப்பாவோடு புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகத்தைத் தமிழாசிரியரிடம் காட்டி வாங்கச் சொல்வது எப்படிப்பட்ட வேலை என்று, இன்சூரன்ஸ் பாலிசி விற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இலக்கியத்தில் இதை ‘தியாகம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். தியாகம் என்ற சொல் ரொம்ப சௌகரியமானது. செலவைத் தாங்கியிருக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வியை அது அமுக்கிவிடும். அந்தச் செலவைத் தாங்கியது அவர் வீடு.

இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதிய ‘வாடிவாசல்’ அளவில் சின்னஞ்சிறு நாவல். எங்கள் பக்கம் கொசவபட்டியிலோ புகையிலைப்பட்டியிலோ தை மாதம் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பிச்சியும் மச்சான் மருதனும் வாடிவாசல் ஓரத்தில் நிற்கிறார்கள். பிச்சியின் அப்பனைக் குத்திக் கொன்ற காரி உள்ளே நிற்கிறது. காரிக்குச் சொந்தக்காரர் ஜமீன்தார், மேடையில் இருக்கிறார். ஒரே மத்தியானத்தில், ஒரே வாசலுக்கு முன்னால் கதை முடிந்துவிடும். ஒவ்வொரு காளையும் எப்படி வெளியே வரும், எந்தக் கணத்தில் திமிலில் கை விழ வேண்டும், கொம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் எழுதியிருப்பது மாடு அணைகிறவர்களே ஒப்புக்கொள்கிற நுணுக்கம். ‘எழுத்து’வில் ஒரு கவிதையை அடி அடியாகப் பிரித்துப் பார்த்த அதே கண் இங்கே மாட்டைப் பார்க்கிறது. ஆராய்ச்சிக்காரன் வேறு, நாவலாசிரியன் வேறு என்று பிரிக்கிறவர்கள் அந்தச் சில பக்கங்களைப் படித்துவிட்டுப் பேசலாம்.

கடைசி வரை அவர் வழி மாறவில்லை. 85 வயதில், 1997-ல், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு 2001-ல் வந்தது. இருந்திருந்தாலும் வாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். பரிசுகளை மறுப்பதில் பிடிவாதக்காரர்.

இனி வடக்கே.

தாடிக்கொம்பைத் தாண்டி வேடசந்தூர் பக்கம் போகப் போக, பஸ்ஸுக்குள் கேட்கிற பேச்சே மெல்லக் கொங்குத் தமிழுக்குத் திரும்பும். பெருமாள்முருகன் 1966-ல் திருச்செங்கோட்டை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம்; அப்பா சினிமா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தார். அந்தச் சோடாக்கடை 1993-ல் ‘நிழல்முற்றம்’ நாவலானது. புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து ஒருவர் தமிழ் எம்.ஏ., முனைவர் பட்டம் வரை படித்து, அரசுக் கலைக் கல்லூரியில் ஆசிரியராகி, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுவது ராஜமையர் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. அன்று அக்கிரகாரம் கொடுத்ததை இன்று அரசுக் கல்லூரி கொடுக்கிறது. என்னைக் கேட்டால், தமிழ் எழுத்தில் கடந்த நூறு வருஷத்தில் நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான். நடை, உத்தி, இசம் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தச் சம்பளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கொங்கு நாவலின் முன்னோடியான ஆர். சண்முகசுந்தரத்தை ஆய்வு செய்தார். கு.ப.ரா.வின் கதைகளைப் பதிப்பித்தார். உ.வே.சா.வைப் பற்றிய தொகுப்பு கொண்டுவந்தார். 2000-ல் இரண்டு வேலைகள் ஒன்றாக வெளிவந்தன: ஆடு மேய்க்கும் சிறுவர்களைப் பற்றிய ‘கூளமாதாரி’ நாவலும், கொங்கு வட்டாரச் சொல்லகராதியும். இரண்டும் ஒரே ஆண்டு என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. மேய்ச்சல் காட்டிலும் பனைமரத்தடியிலும் கிணற்று மேட்டிலும் புழங்குகிற சொல்லை நாவலில் எழுதப் போனால், அது எந்த அகராதியிலும் இருக்காது. இல்லையென்றால் நீயே செய்ய வேண்டியதுதான். செல்லப்பா விமர்சகரானது போலவே இவர் அகராதிக்காரர் ஆனார். ‘பன்முகம்’ என்று நாம் வியப்பது பல இடங்களில் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடப்பதன் விளைவு.

இன்றைக்கு என்று ஒரு புதுச் செலவும் சேர்ந்திருக்கிறது. 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நாலு வருஷம் யாருக்கும் உறுத்தவில்லை. 2014 கடைசியில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் சுற்றின. புத்தகம் எரிந்தது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அடுத்து அவரே முகநூலில் அறிவித்தார். ராஜமையரின் கதையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள்: ஊர்வாய் ஒன்றுமில்லாததைக் கட்டிவிட்டு ஒரு குடும்பத்தைக் குலைப்பதுதான் அதன் மையம். தன் சாதியின் வம்புத்தனத்தை அவர் பெயர் சொல்லிக் கிண்டல் செய்தார்; அதற்காக எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. இன்று நகல் இயந்திரமும் வாட்ஸ்அப்பும் வைத்திருக்கிற மகாசபை ஆசிரியரையே தேடி வருகிறது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளியது. பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடிவைக்கலாம், எழுத்தாளர் திரும்ப எழுத வரட்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவர் திரும்பி வந்தது கவிதையாக, ‘கோழையின் பாடல்க’ளோடு. அப்புறம் ஆட்டுக்குட்டியைப் பற்றிய ‘பூனாச்சி’. டி.எம். கிருஷ்ணா பாடுவதற்குக் கீர்த்தனைகள். அரசுச் சம்பளம் காப்பாற்றிய மனிதரை, அரசு அலுவலகத்திலேயே உட்காரவைத்துப் பணியவைத்தது காலத்தின் கூத்து.

அடுத்த மாற்றம் மொழிபெயர்ப்பு. கமலாம்பாள் சரித்திரம் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது 1998-ல், ஆசிரியர் இறந்து சரியாக நூறு வருஷம் கழித்து. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013-ல் தமிழில் வந்தது. 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இருந்தது. அதே வருஷம் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவத்துக்கு ஜேசிபி பரிசு: ஆசிரியருக்கு 25 லட்சம், மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கு 10 லட்சம். செல்லப்பா 119 இதழுக்கும் சேர்த்து இதில் ஒரு துளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். 2023-லேயே இன்னொன்றும் நடந்தது. ‘வாடிவாசல்’ ஆங்கிலத்தில் சித்திர நாவலானது. வரைந்தவர் அப்புபென், அதற்காகக் கதையை மாற்றி எழுதியவர் பெருமாள்முருகன். வத்தலக்குண்டுக்காரர் எழுதியதைத் திருச்செங்கோட்டுக்காரர் இன்னொரு வடிவத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கணக்கு சரியாகிவிட்டது என்று இங்கே எழுந்து போய்விடக் கூடாது. பரிசும் ஆங்கிலப் பதிப்பகமும் காசு கொடுப்பது நாவலுக்கு. பல்கலைக்கழகம் மதிப்பெண் கொடுப்பது ஆய்விதழ்க் கட்டுரைக்கு. வட்டார அகராதி, பழைய நூல் பதிப்பு, புது எழுத்தைப் படித்துத் தரம் சொல்கிற விமர்சனம் ஆகியவை 1959-ல் யார் தலையில் இருந்தனவோ இன்றும் அதே தலையில்தான் இருக்கின்றன. பெண்ணாக இருந்தால் இன்னும் கூடுதல். சிறுகதைக்காரரும் ஆராய்ச்சியாளருமான அம்பை, பெண் எழுத்தின் சுவடுகளைச் சேர்த்துவைக்க 1988-ல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற ஆவணக் காப்பகத்தையே தோழிகளோடு சேர்ந்து தொடங்க வேண்டியிருந்தது. நான் மேலே சொன்ன நான்கு பேரும் ஆண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மூட்டை தூக்கிப் போன காலம் போய், திண்டுக்கல்லில் வருஷாவருஷம் இலக்கியக் களம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு ஜனம் குடும்பத்தோடு வருகிறது. டெல்லி அப்பளக் கடையில் கூட்டம், நாவல் அரங்கிலும் கொஞ்சம் கூட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமர்சன நூலும் அகராதியும் அங்கேயும் அடித் தட்டில்தான் இருக்கும்.

கடைசியாக, தாடிக்கொம்பு பேரூராட்சியில் நாம் கட்டும் சொத்து வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டப்படி அதோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், சொத்து வரியில் பத்து சதவீதம். ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய் புத்தகத்துக்கு என்று கொடுத்தாயிற்று. எழுத்துக்கு நாம் ஏதும் செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. செலவழித்ததைக் கேட்டு வாங்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான். கமலாம்பாள் சரித்திரத்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, போனிலேயே படிக்கலாம். மற்றவற்றுக்குக் கிளை நூலகத்துக்குப் போங்கள். ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகமும் இருக்கிறதா, ‘எழுத்து’ இதழ்த் தொகுப்பு இருக்கிறதா, கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகரிடம் கொடுங்கள். பத்துப் பேர் கொடுத்தால் அந்தத் தாளை எடுத்து மேலே அனுப்பாமல் இருக்க முடியாது.